எஹலியகொட ரப்பர் தோட்டமும் நான் அனுப்பிய காளான் செய்தியும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் எஹலியகொட போனது ஊர் பார்க்க அல்ல. நான் செய்த முட்டாள்தனத்தைச் சரிசெய்ய. அங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் என் அக்கா ஸ்டெல்லா, இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை குடிக்கிறாள். ஒருவகைப் போதைக் காளானில் உள்ள பொருளை மனச்சோர்வுக்கு மருந்தாகக் கொடுத்து வெளிநாடுகளில் ஆராய்கிறார்கள் என்ற செய்தியை, பெரிய படிப்பாளி மாதிரி அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுவாரம் அக்காவின் கணவர், மச்சான், எனக்குப் போன் எடுத்தார். அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டு, மழை விட்டதும் காளான் தேடப் போகிறாளாம்.

காலை 6.15க்குக் கொழும்பு புறக்கோட்டையில் இரத்தினபுரி பஸ். எழுபது கிலோமீட்டர்தான், ஆனால் அவிசாவளையில் நெரிசல், இறங்கும்போது 8.50. தோட்டத்துக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர், த்ரீவீலருக்கு 700 ரூபாய். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, எல்லாரும் காளானுக்குத்தான் போவார்கள் என்று டிரைவர் சிங்களத்தில் சாவகாசமாகச் சொன்னார். வேகமாகப் போகச் சொன்னேன்.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அக்கா காளானைக் கழுவி, சட்டியில் மஞ்சள் போட்டு ஊறவைத்திருந்தாள். மஞ்சள் நிறம் மாறாவிட்டால் விஷமில்லை என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கை. கறிக்காளான் எதுவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும், இது அதில்லை. மஞ்சளை நம்பி உயிரை விடாதீங்க என்று சட்டியை வாங்கிக் கொட்டினேன். அவள் தடுக்கவில்லை.

தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே விளக்கினேன். அது ஆஸ்பத்திரியில் அளந்து கொடுப்பது, இன்னும் ஆராய்ச்சிதான், எல்லாருக்கும் ஒத்துவராது. முதலில் பல தடவை பேசுவார்கள். மருந்து கொடுக்கும் அன்று இரண்டு பேர் கூடவே இருப்பார்கள்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மருந்து கெடக்கட்டும் புள்ள. அந்த ரெண்டு பேரும் நாள் முழுக்க பக்கத்துலயே இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"ஒரு வேலயும் சொல்லாம?"

2.30 பஸ்ஸில் திரும்ப இருந்தவள், செவ்வாய்க்கிழமை கிளினிக் வரை தங்கிவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் எடுத்துப்போங்கள். த்ரீவீலர்காரரின் நம்பரை வாங்கிவையுங்கள். தெரியாத காளானைத் தொடாதீர்கள், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சுகமில்லாதவரைப் பார்க்கப் போனால், திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று போனவுடனே சொல்லாதீர்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லியிருந்தேன்.