காடே வைக்கோல்போர்

புல்லை அறுக்காமல் நின்றபடியே காயவிடப் போகிறேன் என்றதும் எங்கள் ஊரில் சிரிக்காத ஆளில்லை. நாலு பேர் சிரித்தால்தான் எனக்கு வேலை ஓடும்.

கோடை வந்தால் நரிக்குடிப் பக்கம் போய் ஒரு லோடு வைக்கோல் வாங்கி வருவோம். அது தீர்ந்ததும் கன்றுகளை வியாபாரிக்குப் பிடித்துக் கொடுத்துவிடுவோம். ஒரு கன்றைக்கூட வளர்த்து மாடாக்கிப் பார்த்ததில்லை. அந்த ஆத்திரத்தில்தான் போன ஐப்பசி மழைக்குப் பாதிப் புஞ்சையில் கொழுக்கட்டைப் புல் விதைத்தேன். இடுப்புயரம் வளர்ந்து கதிர் விட்டதை அப்படியே விட்டேன். பங்குனியில் பழுத்துக் காய்ந்து, தூரில் மட்டும் கொஞ்சம் பச்சையோடு நின்றது. ஆட்டுக்காரர்களோடு தினம் சண்டை. "காஞ்ச புல்லுக்கு என்னய்யா காவல்?" என்பார்கள்.

என் மனைவிக்கும் நம்பிக்கையில்லை. "இந்தச் சருகத் தின்னு கன்னு வளந்தா, நானும் நாலு வாய் தின்னு பாக்குறேன்" என்றாள். வைக்கோல் தீர்ந்த அன்றே வியாபாரிக்குப் போன் போட்டு, மறுநாள் வரச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு கிடேரிக் கன்றுகளையும் வேலிக்குள் விட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். நாலு வாய் கடித்தன, நின்றுவிட்டன. பிறந்ததிலிருந்து கட்டுத்தறியில் கிடந்தவை. கயிறு எட்டுகிற தூரம் தாண்டிக் கால் வைக்கத் தெரியவில்லை. காடு நிறையப் புல் நிற்கிறது, இரண்டும் என்னையே பார்க்கின்றன. தள்ளினேன், வாலை முறுக்கினேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வழக்கமாகக் கன்றுகளுக்குத் தீனி வைப்பவள் என் மனைவிதான். புண்ணாக்கு வாளியோடு வந்தவள் என் கூத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாளியைத் தட்டிக்கொண்டே புல்லுக்குள் நடந்தாள். கன்றுகள் அவள் பின்னால் போயின. நடுக்காட்டில் ஆளுக்கொரு கைப்பிடி கொடுத்துவிட்டு மேலே நடந்தாள். இந்த முறை அவை பின்னால் போகவில்லை. தலை குனிந்து நறுக் நறுக்கென்று கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. சந்தோஷத்தில் துண்டை உதறிக்கொண்டு வேலியோரம் ஓடினேன், வெட்கமே இல்லாமல்.

உச்சி வெயிலில் வியாபாரி வண்டியை நிறுத்திவிட்டு, "கன்னு எங்கம்மா? நேரமாகுதுல்ல" என்றார்.

புல்லுக்குள்ளிருந்து அவள் நிமிர்ந்தாள். "யாரு கன்ன யாருண்ணே விக்கிறது?"