மைனி கழுவிய கால்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. குற்றாலத்தில் நல்ல சீசன். தென்காசியில் குடியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் நம் வீடு நம் கையில் இருக்காது. எங்கெங்கோ இருக்கும் சொந்தங்களுக்கெல்லாம் அப்போதுதான் நம் ஞாபகம் வரும். அந்த வாரம் சென்னையிலிருந்து என் சித்தி குடும்பம் வந்திருந்தது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போயிருந்தோம்.

நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுக்கிறேன். யாருக்கு என்ன தேவை என்றாலும் முதல் ஆளாக ஓடுவேன். அக்கம்பக்கத்தில் ஒரு காய்ச்சல் என்றால் கஞ்சி என் வீட்டிலிருந்துதான் போகும். ஆனால் எனக்கு யாராவது ஏதாவது செய்ய வந்தால் மட்டும் உடம்பு கூசிப்போகும். அதை நான் ஒரு நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.

அன்றைக்கும் அப்படித்தான். குளித்துவிட்டுத் திரும்பும்போது ஒரு கையில் ஈரத்துணி வாளி, இன்னொரு கையில் சாப்பாட்டுக் கூடை. “கூடையக் குடுங்கக்கா” என்று சித்தி மகள் கையை நீட்டினாள். “இருக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லி வாயை மூடவில்லை, பாசி பிடித்த படியில் கால் வழுக்கிவிட்டது. கணுக்கால் மடங்கி, ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. ஈர வேட்டியோடு நின்றிருந்த முன்பின் தெரியாத நாலைந்து பேர் என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். தென்காசி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகவே உடைந்திருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து முழங்கால் வரை கட்டுப் போட்டார்கள். இரண்டு மாதத்துக்குக் கால் தரையில் படக் கூடாது.

“நான் இருந்து பார்த்துக்கறேன்” என்றார் சித்தி. வேண்டவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். கணவருக்குச் செங்கோட்டையில் வேலை, காலையில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவார். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. எப்படிச் சமாளிக்கப் போகிறோம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் தன் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டார்.

கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் மைனி என்று கூப்பிடுவோம். ராயகிரியில் எலுமிச்சைத் தோட்டமும் கொஞ்சம் வயலுமாக இருக்கும் குடும்பம். என் கணவருக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா இறந்துபோனதால், அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது இந்த அக்காதான். அப்படி வளர்த்த தம்பி, சாமி கும்பிடுகிற வீட்டில் பிறந்துவிட்டு, என்னைப் போல ஒரு வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் மனசு ஆறும்? கல்யாணத்துக்கு வந்தார். ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். பிறகு மகள் பிறந்ததும் போக்குவரத்து சரியானது. நல்லது கெட்டதுக்கு வருவார். ஆனால் அத்தனை வருடமும் என்னைக் கூப்பிட்டதெல்லாம் “டீச்சர்” என்றுதான். “டீச்சர், சௌக்கியமா இருக்கீங்களா?” என்று, ஏதோ பள்ளிக்கூடத்துக்கு வந்த பெற்றோர் கேட்பது போலக் கேட்பார். நானும் ஒரு குறை வைத்ததில்லை. வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஃபேனைப் போட்டு, வாழை இலையில் சாப்பாடு போட்டு, பஸ் ஸ்டாண்டு வரை அனுப்பிவைப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில், ஒரு பை எலுமிச்சம்பழமும் துணிமணியுமாக மைனி வாசலில் நின்றார்.

“தம்பி போன் போட்டான். டீச்சருக்குக் காலு சரியாவுற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்.”

“உங்களுக்கு எதுக்கு மைனி சிரமம்? அங்க தோட்டத்த யாரு பாப்பா?”

“அங்கன மருமவ இருக்கா. அவ பாத்துக்கிடுவா” என்று சொல்லிக்கொண்டே சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சிவக்கும். மனம்விட்டுப் பேசிப் பழகியே இராத ஒருவர் எனக்குத் தலை வாரிவிடுகிறார், உடம்பு துடைத்துவிடுகிறார், கழிப்பறைக்குத் தோள் கொடுத்துக் கூட்டிப்போகிறார். அடிக்கடி அவரைக் கூப்பிட வேண்டியிருக்குமே என்று நான் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். மைனி அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு செம்பு நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, “இப்பிடித் தண்ணி குடிக்காமக் கெடந்தா நீர்க்கடுப்பு வந்துரும் டீச்சர். நான் இங்கனதான் உக்காந்திருக்கேன். குடிச்சு முடிங்க” என்றார். கடைசிச் சொட்டு வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடுக்களையில் அரிசி டின்மேல் ஒரு சின்ன முருகன் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார். காலையில் அதன் முன்னால் கண்ணை மூடி நிற்பார். எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் குடும்ப ஜெபம் உண்டு, மகள்தான் வேதம் வாசிப்பாள். மைனிக்கு ஒரு மாதிரி இருக்குமே என்று, என் அறைக்குள் உட்கார்ந்து மெதுவாக வாசிக்கச் சொல்லியிருந்தேன். மைனி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“எதுக்குப் பிள்ள ஒளிச்சு வச்சுப் படிக்குதா? சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. கதைன்னா எனக்கும் புடிக்கும்.”

அன்றிலிருந்து முருங்கைக்கீரையோ பூண்டோ எதையாவது மடியில் வைத்து ஆய்ந்துகொண்டே கேட்பார். மகள் நிறுத்தினால் “பொறவு என்ன ஆச்சு?” என்பார். நடக்க முடியாத ஒருவனை நண்பர்கள் கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கிய இடத்தை அவள் வாசித்தபோது, “அந்த வீட்டுக்காரன் பாவம்லா? கூரைய யாரு மறுபடி மேய்ஞ்சு குடுத்தா?” என்று கேட்டார். இத்தனை வருடம் பாடம் எடுத்த எனக்கு அந்த வீட்டுக்காரர் ஞாபகமே வந்ததில்லை. என் கணவர் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஒருநாள் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவுகிற அதிகாரம் வந்தது. மீன் பிடித்துப் பிழைத்த சீடர் பேதுரு மட்டும் தன் காலைக் கழுவவே கூடாது என்று மறுக்கிறாரே, அந்த இடம். எனக்கு மிகவும் பழக்கமான பாடம். பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே, படுத்தபடியே விளக்கினேன். பெரியவராக இருந்தும் வேலைக்காரர் செய்கிற வேலையை அவர் செய்தார், நாமும் மற்றவர்களுக்கு அப்படிச் செய்ய வேண்டும் என்றேன்.

மைனி கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அது சரி. அந்த மீன்புடிக்காரரு ஏன் வேண்டாம்ங்காரு?”

“ஒரு மரியாதைதான் மைனி. ஆண்டவர் போய் நம்ம காலத் தொடலாமான்னு.”

“மரியாதையா? வீம்புல்லா அது.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

ஒருவழியாகக் கட்டைப் பிரிக்கிற நாள் வந்தது. உள்ளே இருந்தது என் கால் போலவே இல்லை. குச்சி போல மெலிந்து, கறுத்து, செத்த தோல் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருந்தது. தையல் போட்ட தழும்பு வேறு. பக்கத்தில் போனாலே ஒரு நாற்றம். தினமும் வெந்நீரில் கழுவி, எண்ணெய் போட்டுப் பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும், பயந்துகொண்டு சும்மா இருந்தால் மூட்டு இறுகிப்போகும், பிறகு நொண்டித்தான் நடக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு பழைய துண்டைச் சுற்றிப் போர்வைக்குள் காலை மறைத்துக்கொண்டேன். வலிக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. குனிந்தால் என் கைக்கு எட்டவில்லை, இன்னொருவரிடம் காட்டவும் மனம் வரவில்லை. கணவரிடம்கூடக் காட்டவில்லை. பாதம் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டே வந்தது.

ஒரு காலையில் கணவரும் மகளும் கிளம்பிப் போன பிறகு, மைனி ஒரு பெரிய பேசினில் வெந்நீரும், தேங்காயெண்ணெய்க் கிண்ணமும், பழைய வேட்டித் துணியுமாக வந்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“வேண்டாம் மைனி. நானே கழுவிக்கிடுதேன்.”

“எப்போ? நொண்டி ஆன பொறவா? டாக்டர் சொன்னத தம்பி எங்கிட்டச் சொல்லிட்டான்.”

“பாக்க நல்லா இருக்காது மைனி. நாத்தம் வேற அடிக்கி.”

மைனி பேசினைக் கட்டில் பக்கம் இழுத்து வைத்தார். பிறகு, “ஏட்டி, கால நீட்டு” என்றார்.

அவர் என்னை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. காலை நீட்டினேன்.

துண்டைப் பிரித்தபோது அவர் முகம் சுளிக்கவில்லை. காலைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தடவி ஊற வைத்தார். பிறகு பேசினில் இறக்கி, துணியால் மெல்ல மெல்லத் தேய்த்தார். செத்த தோல் உரிந்து தண்ணீரில் மிதந்தது. தண்ணீர் கலங்கியதும் எழுந்து போய்க் கொட்டிவிட்டு வேறு வெந்நீர் கொண்டுவந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

“வலிக்குதா?”

“இல்ல மைனி. உங்களப் போய் இந்த வேலையெல்லாம் செய்ய வச்சிட்டனேன்னு...”

மைனி கையை நிறுத்தவில்லை. குனிந்தபடியே பேச ஆரம்பித்தார்.

“நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. ஒங் கல்யாணத்தப்போ எனக்கு வருத்தம்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது பிள்ள மொகத்தப் பாத்ததுமே போயிட்டு. பொறவு என்ன வருத்தம் தெரியுமா? இது எந் தம்பி வீடு. அவன இந்தக் கையாலதான் வளத்தேன். இங்கன வந்தா நீ என்னய நாக்காலியில உக்கார வச்சு, விருந்தாளி மாதிரி சோறு போட்டு அனுப்புவ. ஒரு நாளாவது ‘மைனி, இந்த வெங்காயத்த அரிஞ்சு தாங்க’ன்னு சொல்லியிருப்பியா? ஒரு டம்ளர் கழுவ விட்டிருப்பியா? ஒனக்கு நான் எதுக்குமே வேண்டாம்னு நெனச்சுக்கிட்டேன். அதான் டீச்சர், டீச்சர்னு தள்ளியே நின்னுட்டேன்.”

நான் மரியாதை என்று செய்ததெல்லாம் அவருக்கு வாசல் கதவைச் சாத்தியது போல இருந்திருக்கிறது. பேதுரு மறுத்தபோது, நான் உன் காலைக் கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கே இல்லை என்கிற பொருளில் இயேசு சொல்வார். அந்த வரியை எத்தனையோ தடவை வாசித்துவிட்டு, அவசரமாகத் தாண்டி அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். பங்கு என்றால் என்ன என்று அந்தக் கட்டிலில்தான் எனக்குப் புரிந்தது.

“மன்னிச்சிருங்க மைனி” என்றேன்.

“மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். வெரல அசை பாப்போம். ம்... இன்னும் கொஞ்சம். சவம், வலிச்சாலும் பரவால்ல, அசை” என்று செல்லமாக அதட்டினார். வலித்தது. அசைத்தேன். ஓவென்று கத்தினேன். அவரும் சிரித்தார், நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு தினமும் காலையில் அதே வேலை. பாதம் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுத்தது. மைனியின் தோளைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை வந்தேன், பிறகு வாசல் வரை, பிறகு தெருமுனை வரை. திரும்பப் பள்ளிக்கு நான் நொண்டாமல்தான் போனேன். அடுத்த வருடம் சீசனுக்கு மைனி வந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே “மைனி, மீனு வாங்கியாச்சு, நீங்கதான் கொழம்பு வைக்கணும்” என்றேன். நான் உண்மையிலேயே நல்ல குழம்பு வைப்பேன். இருந்தாலும் அவர் வைத்ததைத்தான் அன்று எல்லோரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டோம்.

போன மாதம் மைனி போன் செய்தார். “ஏட்டி, கண்ணுல புரை விழுந்திருக்காம். ஆபரேஷன் பண்ணணுங்கான் டாக்டர். பண்ணிட்டு அங்கனதான் வருவேன். நீதான் மருந்து விடணும், என்ன?” அவ்வளவுதான். ஒரு தயக்கம் இல்லை, உனக்குச் சிரமமா என்ற கேள்வி இல்லை. போனை வைத்த பிறகு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. இப்போது அவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். வேளை தவறாமல் மல்லாந்து படுத்து, “விடுட்டி” என்று கண்ணைத் திறந்து காட்டுகிறார். மருந்துக் குப்பி அருகில் வரும்போதும் அந்தக் கண் இமைப்பதில்லை. ஒருவரை முழுதாக நம்பினால்தான் இப்படித் தன்னை அவர் கையில் கொடுக்க முடியும், விசுவாசம் என்று நான் இத்தனை காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான் என்று, ஒவ்வொரு சொட்டு விடும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.