ஆறு துப்பாக்கி, ஒரே வேட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். சுவாமியின் பெயரைத் துப்பாக்கிக்கு நடுவில் கொண்டுபோனவன் நான். அதைச் சொன்னால் கோவிலில் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். ஆனால் கிள்ளானில் ஒரு தப்புப் பேச்சு இன்னும் உலவுகிறது. அதனால் எழுதத்தான் வேண்டும்.

பெரிய சண்டை நடந்த காலத்தில் ரயில்வேக்காரர்களைச் சேர்த்து ஒரு தொண்டர் படை அமைத்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த நானும் சேர்ந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் திடலில் பயிற்சி. ஒரே சொல்லுக்கு எல்லாரும் ஒன்றாகச் சுட வேண்டும். எத்தனை துப்பாக்கி இருந்தாலும் ஒரே வேட்டாகக் கேட்க வேண்டும்.

எனக்கு அது வரவே இல்லை. 'முருகா' என்று சொல்லாமல் நான் எந்த வேலையிலும் கை வைத்ததில்லை. 'ஃபயர்' என்றதும் முருகா என்பேன். அப்புறம்தான் விரல் அசையும். எல்லார் வேட்டும் அடங்கியபின் என்னுடையது தனியாக வெடிக்கும்.

எங்கள் கார்ப்பரல் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி. "உம்மட முருகன் மயிலிலை ஆறுதலா, மெல்ல மெல்ல வாறார் காணும். நாங்கள் ரயிலிலை வந்து இறங்கியிட்டம்!" என்பார். திடலே சிரிக்கும்.

என் பக்கத்தில் நின்றவன் கிள்ளான் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன்; மாதா கோவிலுக்குப் போகும் வேதக்காரன். ஒரு நாள் என் வேட்டோடு இன்னொரு வேட்டும் பிந்தி வந்தது. திரும்பிப் பார்த்தேன்.

"தனியா திட்டு வாங்காத மச்சான். நானும் சேசுவேன்னு சொல்லிட்டுத்தான் சுட்டேன் லா" என்று கண்ணடித்தான். அன்றிலிருந்து திட்டு இரண்டு பேருக்கும்.

அவன் மலேரியாவில் போய்விட்டான். மறுநாள் கிள்ளானில் அடக்கம். ஆறு பேர் மூன்று முறை சுட்டு மரியாதை செய்ய வேண்டும். பட்டியலில் நான் இல்லை. கார்ப்பரலிடம் போனேன்.

"நான் வரணும் ஐயா."

"செத்தவன்ர குழிக்கு முன்னாலையும் பிந்திச் சுடப் போறீரோ?"

"பிந்த மாட்டேன். விளக்கு வைக்கிற வரைக்கும் டைம் குடுங்க."

"அப்ப முருகனை வீட்டிலை விட்டிட்டு வாரும்."

"அது முடியாதுங்க. அவரோடதான் வருவேன்."

காலித் துப்பாக்கியோடு திடலில் நின்று விசையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். விரல் காந்தியது. எத்தனை வேகமாகச் சொன்னாலும் பெயர் பிந்தியது. அப்புறம்தான் புத்தியில் பட்டது: உத்தரவும் மூன்று சொல், பெயரும் மூன்று எழுத்து. 'லோட்' என்றால் மு. 'பிரசென்ட்' என்றால் ரு. 'ஃபயர்' என்றால் கா. சுவாமி பெயரைத் துண்டு துண்டாகச் சொல்வது சரியா என்று மனசு அடித்துக்கொண்டது. மன்னித்துக்கொள் என்று கும்பிட்டுக்கொண்டேன்.

கார்ப்பரல் தாமும் ஒரு துப்பாக்கி எடுத்து என் பக்கத்தில் நின்று உத்தரவு கொடுத்தார். இரண்டு விசையும் ஒரே சத்தம். மறுபடியும், மறுபடியும். பட்டியலை எடுத்தார். ஆறாவது பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

கிள்ளான் கல்லறையில் மூன்று முறை சுட்டோம். குண்டில்லாத வெடித் தோட்டாதான். மூன்று முறையும் ஒரே வேட்டு, பிசிறே இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பெண்களோடு கல்லறை வாசலுக்கு வெளியே, குழி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றிருந்த அவன் மனைவி என்னிடம் வந்தாள்.

"ஏண்ணே, ஆறு பேரு சுடுவாங்கன்னாங்களே. ஒரு துப்பாக்கிதானே வெடிச்சிச்சு? என் வீட்டுக்காரருக்கு அவ்வளவுதான் மரியாதையா?"

குழியருகே ஓடினேன். புல்லில் சிதறிக் கிடந்த வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கினேன். கார்ப்பரலும் குனிந்து பொறுக்கித் தந்தார். கொண்டுவந்து அவள் முந்தானையில் போட்டேன்.

"எண்ணிக்கோ தங்கச்சி."

ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினெட்டு. அவற்றை முந்தானையோடு சுருட்டி நெஞ்சில் அணைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

அவளுக்குத் தெரிந்தது; வாசலில் நின்ற மற்றவர்களுக்குத் தெரியவில்லை. தமிழன் சாவுக்கு ஒரு துப்பாக்கி என்று இன்றும் சொல்கிறார்கள். இதைப் படிப்பவர்கள் உங்கள் வீட்டில் சொல்லுங்கள். ஆறு பேர், மூன்று முறை. ஒன்று கூட்டவும் வேண்டாம், ஒன்று குறைக்கவும் வேண்டாம். நான் சொன்னபடியே சொல்லுங்கள்.