‘கிரி’ என்று பாடினால் நிற்காத வண்டி

அது காதல் பாட்டாம். காதலாவது கத்தரிக்காயாவது! வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பிறந்த பாட்டு அது. பிறந்த இடம் தாங்கெராங் ஊரில் ஓடும் ஆங்கோட் என்கிற ஷேர் வேனின் பின்சீட்டு. பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

ருஸ்மினா எங்கள் ஆலையில் சட்டைக்குக் காலர் தைப்பவள். திக்குவாய். வேனிலிருந்து இறங்க ‘கிரி’ என்று கத்த வேண்டும். இடப்பக்கம் ஒதுக்கு என்று அர்த்தம். அவள் “கி... கி...” என்று முடிப்பதற்குள் வண்டி இரண்டு நிறுத்தம் தாண்டிவிடும். ஏழு மணிக்குக் கேட்டைச் சாத்துவார்கள். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியாயிற்று. மூன்றாவது வந்தால் சீட்டு கிழியும்.

“தொழிற்சங்கக் கூட்டத்துல பாடுறப்ப உனக்குத் திக்கலையேடி. பாடித் தொலையேன்!” என்றேன்.

மறுநாள் பாடினாள். “கிரீ... அண்ணே... கிரீ...” ஆடவைக்கிற டங்டுட் மெட்டு. டிரைவர் ஜுஹ்ரி பிரேக்கை மிதித்தார்.

“இறங்குறதுக்குக் கச்சேரியா தங்கச்சி? நாளைக்கு மேளக்காரனையும் கூட்டிட்டு வா!”

சிக்னலில் வேனில் ஏறிக் கிட்டார் தட்டிக் காசு வாங்குகிற காஸ்தி அதைப் பிடித்துக்கொண்டான். அவளிடம் கேட்டுவிட்டுத்தான். நிலா, கண்ணீர் என்று நாலு வரி சேர்த்தான். மூன்றே மாதத்தில் எந்த ரேடியோவைத் திருகினாலும் அதுதான்.

வந்தது வினை. ஒரு நாள் காலை, ஏழு மணிக்கு மூன்று நிமிஷம் பாக்கி. ருஸ்மினா பாடினாள். வண்டியே சேர்ந்து பாடியது. ஜுஹ்ரியும் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி ஓட்டிக்கொண்டே போனார். கேட் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவள் இன்னும் உரக்கப் பாடினாள்.

“ஆஹா! அடுத்த சரணம் எடு தங்கச்சி!”

“நிறுத்துடா, செவிட்டு எருமை!”

ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. பிரேக் கிறீச்சிட்டது, யாருடைய கூடையிலிருந்தோ வெள்ளரிக்காய்கள் உருண்டன. ருஸ்மினா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, மூடுகிற கேட்டின் இடுக்கில் நுழைந்துவிட்டாள்.

படியில் தொங்கிக்கொண்டிருந்த காஸ்தி அந்தத் திட்டையும் பல்லவியில் கோத்துவிட்டான். அந்த வருஷத்துக் காதல் பாட்டெல்லாம் அந்த வருஷத்தோடு போயின. இது இருபது வருஷமாக நிற்கிறது. நிலாவுக்காக இல்லை, எருமைக்காக. காது கேட்காத மாதிரி நடிக்கிறவன் எல்லார் வீட்டிலும் ஒருத்தன் இருக்கிறானே!

போன மாதம் ருஸ்மினா மகளுக்குக் கல்யாணம். காஸ்தியின் பாட்டு பல்லவிக்கு வந்ததும் பந்தலே “செவிட்டு எருமை!” என்று அலறியது. ஜுஹ்ரி எழுந்து நின்று தலைகுனிந்து வணக்கம் வைத்தார்.

“நாந்தாங்க அது!”

இன்னும் அதே ஆலையில் இருக்கும் ருஸ்மினா அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

“உ... உட்காருண்ணே. இ... இன்னைக்கு அவசரமில்ல.”