சித்தப்பாவின் ஊசியும் வேப்பிலை கட்டிய லாரியும்

ஊசி மருந்தைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். அதனால் என்ன? பாக்கார் ஆராங்கில் என் கடைத் தோசையைத் தின்னாத டாக்டர் கிடையாது. அவர்களில் ஒருவர் போன மாதம் தன் நோயாளிகளைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு போகிறவர்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லையாம். "காய்ச்சல் வந்தா உடனே வரணும், விடியட்டும்னு இருக்கக் கூடாது, அதானே?" என்றேன். அவர் கைத் தோசை வாய்க்குப் போகாமல் நின்றுவிட்டது. உங்களுக்கு எப்படியம்மா தெரியும் என்றார். உங்கள் அப்பா பிறக்கும் முன்பே தெரியும் என்றேன்.

அது கம்யூனிஸ்ட் காலம், காட்டுக்குள் இருந்துகொண்டு அவர்கள் வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட காலம். மெர்போக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களை, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வாசல். அங்கே துப்பாக்கியோடு ஒரு மலாய்க்காரக் காவலர் நிற்பார். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்ப்பார். சாயந்திரம் வாசலைப் பூட்டிவிட்டால், தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது.

என் அப்பா தோட்டத்து ரப்பர் பால் லாரி ஓட்டினார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, பால் கொட்டகையில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். அவருக்கு இருந்த ஒரே சொத்து தலைமுடி. நடுவில் வகிடு எடுத்து, நெற்றிக்கு மேல் ஓர் அலை எழுப்பி, அந்த அலை சாய்ந்துவிடாமல் இருக்கப் பச்சை நிறத் தலைக்கிரீம் தடவுவார். மாட்டுக்கொம்பில் செய்த சீப்பு ஒன்று வைத்திருந்தார். அதை நான் தொட்டாலே சத்தம் போடுவார்.

அந்தச் சித்தப்பாவின் கழுத்தில் பாக்கு அளவுக்கு ஒரு கட்டி வந்தது. அது எலுமிச்சை அளவுக்கு வளர்ந்ததும் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் களிம்பைக் கைவிட்டு, பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அப்பா லாரியில் கொண்டுபோனார். துணைக்கு நானும் போனேன். நான் கெட்டிக்காரி என்பதால்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்தேன். பிள்ளையோடு வந்தால் ரோட்டில் சோதனை போடுகிறவர்கள் அதிகம் குடைய மாட்டார்கள் என்பது காரணமாக இருந்திருக்கலாம். இருந்தாலும் நான் கெட்டிக்காரிதான்.

அங்கே ஊசி போட்ட நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்போம், யாழ்ப்பாணத்துக்காரி. சித்தப்பா கையில் முதலில் உப்புத்தண்ணீர்ப் போத்தலைக் குழாயால் மாட்டினாள். பிறகு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு சின்னப் புட்டியில் இருந்த பொடியைக் கரைத்தாள். கரைத்த மருந்தை வைத்திருக்கக் கூடாதாம், உடனே போட்டுவிட வேண்டுமாம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த குழாயிலேயே ஊசியைக் குத்தி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்ல ஏற்றினாள்.

"எரிஞ்சால் உடனே சொல்லவேணும், விளங்குதோ? ஒரு சொட்டு நரம்புக்கு வெளியில கசிஞ்சாலும் சதை புண்ணாப் போயிடும். வெக்கப்பட்டுக்கொண்டு பல்லைக் கடிக்கப்படாது."

சித்தப்பா அவள் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிஸ்ஸி, உங்க தோல்ல பட்டாலே ஆகாதுன்னு ஒறை போட்டுக்கிட்டீங்க. அதையா என் ரத்தத்துல ஊத்துறீங்க?"

"ஓம். கட்டியைச் சாகடிக்கிற மருந்து. நல்ல சதை, கெட்ட சதை எண்டு அதுக்குப் பாக்கத் தெரியாது."

"எங்க தோட்டத்துத் தொரை மாதிரி" என்றார் சித்தப்பா. மிஸ்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பிறகு மிஸ்ஸி என்னையும் அப்பாவையும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாள். வாந்தி வரும், பயப்பட வேண்டாம். முடி கொட்டினாலும் கொட்டும். உடம்பில் நோயோடு சண்டை போடும் சத்து கொஞ்ச நாளைக்குக் குறைந்துவிடும், அதனால் சளி, இருமல்காரர்களை அண்ட விடக் கூடாது. "காய்ச்சல் வந்தால் மட்டும் அண்டைக்கே கொண்டுவந்திடவேணும். எந்த ஆஸ்பத்திரி எண்டாலும் சரி. விடியட்டும் எண்டு இருக்கப்படாது." என் கன்னத்தைத் தட்டி, "எங்கே, சொல்லு பாப்பம்" என்றாள். நான் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அப்போதே எனக்கு அப்படி ஒரு ஞாபகம்.

ஆனால் ஒன்றும் புரியவில்லை. மருந்து என்றால் குணமாக்க வேண்டும். இது என்ன மருந்து, போட்டவுடன் மனுஷனைப் படுக்கவைக்கிறது? படகுத்துறை வரைக்கும் வாந்தி, படகில் வாந்தி, லாரியில் வாந்தி. நடுவில் கொஞ்சம் தெளிந்தபோது சித்தப்பா சொன்னார்: "சண்டையில ஆளைக் கொல்ல வச்சிருந்த விஷப்புகைக்கு இது தம்பியாம்ணே. பக்கத்துப் படுக்கைக்காரன் சொன்னான்." அப்பா லாரியை இன்னும் வேகமாக ஓட்டினார்.

கட்டி கரைய ஆரம்பித்தது. கட்டி கரைந்தால் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சித்தப்பாவுக்கு மொட்டை போடுவதாக அம்மா நேர்ந்திருந்தாள். ஆனால் கோயிலுக்குப் போகும் முன்பே முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. அம்மா திகைத்துப்போனாள். இது நேர்த்திக்கடனில் சேருமா, சேராதா? "ஆத்தாவுக்கு அவசரம் அண்ணி, அவளே எடுத்துக்கிட்டா" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு மிச்சமிருந்த முடியை வாரினார். கிரீமும் தடவினார்.

இரண்டாவது தடவை ஊசி போட்டு ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். ஒரு சாயந்திரம் சித்தப்பாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. வாயெல்லாம் புண். நெஞ்சிலும் காலிலும் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். அம்மா போர்வையை விலக்கிப் பார்த்தாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்கா."

அவ்வளவுதான், வீடு மாறிவிட்டது. நிலையில் வேப்பிலை செருகினார்கள். தாளிக்கும் வாசனை கூடாது என்று அடுப்பை அணைத்தார்கள். அம்மை கண்ட வீட்டில் மருந்தும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. தாயே இறங்கு என்று வேண்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். லயத்துப் பெண்கள் தூர நின்று கும்பிட்டார்கள்.

எனக்கு ஒரே குழப்பம். மிஸ்ஸி சொன்ன காய்ச்சல் இதுவா, வேறா? ஆத்தா கொடுக்கும் காய்ச்சலும் ஊசி கொடுக்கும் காய்ச்சலும் ஒரே மாதிரிதான் சுடுமா? அப்பாவின் சட்டையை இழுத்து, மிஸ்ஸி சொன்னதை அப்படியே சொன்னேன், அவள் பேச்சிலேயே. "விடியட்டும் எண்டு இருக்கப்படாது."

"வாயை மூடுடி. ஆத்தா காதுல விழப்போவுது" என்றாள் அம்மா.

அப்பா நிலையில் சாய்ந்து நின்றார். "கூட்டிட்டுப் போறதுன்னாலும் கேட் பூட்டியாச்சு. சீட்டு எழுதுற கிராணி சுங்கை பட்டாணி டவுனுக்குப் போயிட்டாரு. சீட்டு இல்லாம லாரியை எடுத்தா சுட்டாலும் சுடுவான்."

பாயிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. வாய்ப்புண்ணால் ஒவ்வொரு சொல்லையும் பொறுக்கிப் பேசினார். "அண்ணே, இது ஆத்தாவா இருந்து, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா, அவ கோவிப்பா. ஊசியா இருந்து கொண்டுபோகலேன்னா, நான் செத்துருவேன். கோவம்னா அப்புறம் சமாதானம் பண்ணிக்கலாம்லா."

அம்மா அழுதாள். அழுதுகொண்டே எழுந்து, நிலையில் இருந்த வேப்பிலையை உருவினாள். "அப்ப ஆத்தாளையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போங்க. விட்டுட்டுப் போனாத்தானே கோவம்."

இப்படித்தான் எங்கள் பால் லாரிக்கு முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு என்று வேப்பிலை ஏறியது. அம்மாவும் சித்தப்பாவும் பின்னால். முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் நான், மடியில் மூன்றாவது கட்டு. இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலில் காவலர் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து லாரியை மறித்தார். "சூராட்?" என்று சீட்டுக்குக் கை நீட்டினார். அப்பா லாரியின் பின்பக்கத்தைக் கை காட்டினார். காவலர் லாரியைச் சுற்றி நடந்தார். இலைக்கட்டைப் பார்த்தார். பின்னால் போய்ப் போர்வைக்குள் எட்டிப் பார்த்தார். முடி கொட்டிய தலை, சிவப்புப் புள்ளி, வேப்பிலை. தோட்டத்தில் வேலை பார்க்கும் மனுஷனுக்கு வேப்பிலை என்றால் என்னவென்று தெரியாதா? நாலடி பின்னால் தாவினார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெர்கி! பெர்கி!" என்று விரட்டியபடியே கதவைத் திறந்துவிட்டார். ரோட்டில் மறித்தவர்களும் அதே மாதிரிதான் விலகினார்கள்.

ஆத்தாளும் ஊசியும் சேர்ந்து செய்த வேலை என்று அம்மா சாகும்வரை சொன்னாள். நான் சட்டையை இழுக்காமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்திருக்க முடியும் என்பது என் கேள்வி.

சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் சித்தப்பாவைத் தனி அறையில் போட்டார்கள். உள்ளே போகிறவர்கள் கை கழுவ வேண்டும், வாயைத் துணியால் மறைக்க வேண்டும், கூட்டம் கூடாது. அம்மா பெருமையாகத் தலையாட்டினாள். வெள்ளைக்கார டாக்டர்கூட ஆத்தாளுக்கு மரியாதை கொடுக்கிறார் பாருங்கள் என்று. அம்மையே இல்லை, புள்ளியெல்லாம் ஊசி செய்த வேலை, இவரால் நமக்கு ஆபத்தில்லை, நம்மால்தான் இவருக்கு ஆபத்து என்று அங்கே விளக்கினார்கள். ஆரோக்கியமாக இருக்கும் நான் எப்படி ஆபத்து? அதுவும் புரியவில்லை.

பென்சிலின் போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். சித்தப்பா பிழைத்து வந்தார். அதன் பிறகு அவரைப் பினாங்குக்கு ஊசிக்குக் கொண்டுபோகவில்லை. இன்னொரு ஊசியை அந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் அப்பாவையும் அவரையும் மட்டும் உட்காரவைத்து நெடுநேரம் பேசினாராம். கட்டிதான் கரைந்துவிட்டதே, இனி ஊசி எதற்கு என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

அவர் தலையில் கோழிக்குஞ்சுக்கு முளைப்பதுபோல முடி முளைத்தது. அதையும் மாரியம்மன் கோயிலில் மழித்து, நேர்ந்ததை முடித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, மாட்டுக்கொம்புச் சீப்பையும் பாதி இருந்த கிரீம் போத்தலையும் என் கையில் வைத்தார்.

"நீயே வெச்சுக்க புள்ள."

எனக்குச் சந்தேகம் வந்தது. பெரியவர்கள் கொடுத்துவிட்டுத் திருப்பிப் பிடுங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "முடி வளர்ந்ததும் திருப்பிக் கேட்டா தரமாட்டேன், ஆமா" என்றேன்.

"கேக்க மாட்டேன்."

"ஆத்தா மேல சத்தியம் பண்ணுங்க."

சித்தப்பா சிரித்தார். என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, பேரம் பேசவில்லை. அவ்வளவு நல்ல சீப்பை இவ்வளவு லேசாக விட்டுக் கொடுத்துவிட்டாரே, என்னிடம் ஏமாந்துவிட்டாரே என்று, அதை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு லயம் முழுக்க ஓடினேன்.