வழுக்காத லாடம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெண்குதிரைதான் எங்களுக்குச் சோறு போட்டது. என் வீட்டுக்காரர் டவுனில் தேவராஜ மொஹல்லா பக்கம் டாங்கா வண்டி ஓட்டினார். நான் ராமாபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாடுதான் தெரியும், குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மழைக்காலத்தில் ஒருநாள் மார்க்கெட் பக்கத்துப் புதுத் தார் ரோட்டில் குதிரை வழுக்கி முட்டி போட்டுவிட்டது. வீட்டுக்காரர் தெறித்து விழுந்து, தோள்பட்டை இறங்கிப்போனது. அப்போது என் வயிற்றில் பிள்ளை. அவர் கட்டோடு படுத்திருக்க, நானே குதிரையைப் பிடித்துக்கொண்டு லாடம் அடிக்கும் பாயிடம் போனேன்.

"பாய், இனிமே இது வழுக்கவே கூடாதுங்க."

"லாடத்தோட பின்முனை ரெண்டையும் மடிச்சு முளை வைக்கலாம்மா. ரோட்டைக் கவ்வும். ஆனா மழை முடிஞ்சதும் மாத்திடணும்."

மழை முடிந்தது. நான் மாற்ற விடவில்லை. வீட்டுக்காரர் கேட்டபோது, "பிள்ளைக்கு அப்பன் வேணும்" என்றேன். ஒவ்வொரு முறை லாடம் மாற்றும்போதும் பாய் மறுத்துப் பேசுவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு முளையையே வைத்துவிடுவார். குதிரை அப்புறம் வழுக்கவே இல்லை. எனக்கு உள்ளூரப் பெருமை.

பிள்ளை தவழ ஆரம்பித்த சமயம் குதிரையின் நடை சுருங்கியது. முன்காலின் நுனியை மட்டும் ஊன்றிப் பார்த்து வைத்தது. ஒருநாள் காய்கறி மூட்டை ஏற்றியதும் நகர மாட்டேனென்று நின்றுவிட்டது. இரண்டு பேருமாகப் பாயிடம் கூட்டிப்போனோம்.

பாய் காலைத் தூக்கிக் காட்டினார். குளம்பின் பின்பக்கம் ஒடுங்கி, அடியில் ரப்பர் மாதிரி இருக்க வேண்டிய சதை காய்ந்த புளியாய்ச் சுருங்கிக் கிடந்தது.

"கால் ஊன்றும்போது பின்பக்கம் துளி விரியணும்மா. இந்தச் சதை தரையில அமுங்கணும். முளை அதைத் தரையில படவிடாம தூக்கியே வச்சிருச்சு. ஊன்றின காலும் துளி சறுக்கித்தான் நிக்கணும். இது சட்டுனு பிடிச்சு நிறுத்துது. அந்த அடியெல்லாம் முட்டிக்கு ஏறிடுச்சு."

அந்தத் துளி சறுக்கலைக்கூட நான் அதற்கு விட்டுவைக்கவில்லை.

"நான் சொல்லித்தானே பாய்..." என்று அழுதேன்.

"அடிச்சது என் கைதானம்மா."

"சும்னிரு, அழாதே" என்றார் வீட்டுக்காரர். "நடை மாறினதைப் பார்த்தும் வண்டியில பூட்டினவன் நானு."

மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். என் பங்கு மட்டும் குறைந்தபாடில்லை.

பாய் முளையை எடுத்துவிட்டு, தட்டையான லாடத்தை முன்பாதியில் மட்டும் ஆணியடித்துப் பொருத்தினார். பின்பக்கம் விரிய இடம் விட்டார். வண்டி நின்றுபோனது. இறங்கிப்போய் ஏற்றிக் கட்டிய அதே தோளில் வீட்டுக்காரர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் ஈரமண்ணில் குதிரையை நடத்தினேன். சாயங்காலம் அவர் தோளுக்கு எண்ணெய் தேய்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

குளம்பு மெல்ல மெல்ல விரிந்தது. முட்டி தேறவில்லை. தார் ரோடு இனி ஆகாது என்று பாய் சொல்லிவிட்டார். ராமாபுரத்துக்கு என் அண்ணன் குதிரையைக் கொண்டுபோய், லாடமே இல்லாமல் தோட்டத்தில் விட்டார். வீட்டுக்காரர் வாடகைக்கு ஆட்டோ எடுத்தார்.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, குதிரையின் பக்கத்தில் போய்க் குனிந்து அதன் முட்டியைத் தொட்டேன். லாடம் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்ததோ என்னவோ, காலைத் தூக்கி என் கையில் கொடுத்தது. குளம்பின் அடியில் இருந்த சதை நன்றாக விரிந்து, தொட்டால் அமுங்கியது. முட்டியில் வீக்கம் அப்படியே இருந்தது.