வெல்டரின் மூச்சு

"டப்பிங் பொறுப்பாளர் அவர்களுக்கு. புதுப் படத்தின் டிரெய்லர் பார்த்தோம். முகமூடி மாறியிருக்கிறது, அதில் குறையில்லை. வெல்டிங் டார்ச் பிடிக்கும் கையும் மாறியிருக்கிறது, பொறுத்துக்கொள்வோம். மூச்சை மட்டும் மாற்றாதீர்கள். டிரெய்லரில் கேட்டது எங்கள் அண்ணன் மூச்சு இல்லை."

தை மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வந்த கடிதம் இது. கீழே 'சரவணன், செயலாளர், கரும்பட்டறை ரசிகர் வட்டம்' என்று கையெழுத்து. தபாலில் வரவில்லை. ஷிப்ட் முடிந்து போகிற வழியில் அவரே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

வானகரத்தில் ஒரு சிறிய டப்பிங் ஸ்டூடியோவில் நான் இன்சார்ஜாக இருக்கிறேன். வெளிநாட்டுப் படங்களைத் தமிழில் பேச வைப்பது எங்கள் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன்.

'கரும்பட்டறை' என்பது ஒரு வெளிநாட்டுப் படவரிசைக்கு நாங்கள் வைத்த தமிழ்ப் பெயர். வெல்டிங் முகமூடி போட்ட ஒருவன், மூடிக்கிடக்கும் பட்டறைக்கு விளையாட்டாக வரும் இளைஞர்களை ஒவ்வொருவராகக் கொல்வான். படம் முடியும்போது செத்துப்போவான். அடுத்த பாகத்தில் எழுந்து வருவான். நான்கு பாகங்கள் இப்படி வந்தன. அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதே முகமூடியைத் தினமும் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் அம்பத்தூரில் ஏராளம். அவர்களுக்கு அவன் 'வெல்டர் அண்ணன்'.

ஒரே கதை, ஒரே சாவு, அப்புறம் என்ன ஆர்வம் என்று சரவணனை ஒருமுறை கேட்டேன். அவர் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் வெல்டர்.

"இன்னா சார் நீங்க. வருசா வருசம் சூரசம்ஹாரம் பாக்க போறாங்க இல்ல? இந்த தபா சூரன் பொழச்சிக்குவான்னா போறாங்க?"



1. செருப்புச் சத்தம் இருந்தது

முதல் பாகத்துக்குப் பதிவு நடந்த தேதி என் குறிப்பில் இல்லை. ஆடி மாதம் என்பது உறுதி. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி ஓயட்டும் என்று மைக்கை மூடிவைத்துக் காத்திருந்தோம். ஆகவே ஞாயிறாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் படம் வரும்போது பேச்சை நீக்கிவிட்டு இசையும் மற்ற ஓசைகளும் மட்டும் உள்ள ஒரு ட்ராக் கூடவே வரும். அதை எம் அண்ட் ஈ என்போம். அதன்மேல் தமிழ்ப் பேச்சை ஏற்றுவோம். முதல் பாகத்துக்கு வந்த எம் அண்ட் ஈ ஓட்டை. கதவுச் சத்தம் இருந்தது, செருப்புச் சத்தம் இருந்தது, முகமூடிக்காரனின் மூச்சு மட்டும் இல்லை. மூலத்தில் அது பேச்சோடு சேர்ந்து பதிவாகியிருந்ததால் பேச்சை எடுத்தபோது அதுவும் போய்விட்டது. மூச்சில்லாமல் ஒருவன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தால் பயம் வரவில்லை. சிலிண்டர் மாற்ற வந்தவன் மாதிரி இருந்தான்.

ஆண் குரல்காரர்கள் அவரவர் வசனத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பூத்துக்குள் மல்லிகாக்கா மட்டும் இருந்தார். வெள்ளானூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். குரூப் வாய்ஸில் அலறுவதுதான் அவர் வேலை. ஒரு படத்தில் ஐந்து பெண்கள் செத்தால் ஐந்து பேருக்கும் அவர்தான் அலறுவார், ஐந்தும் வேறு வேறாக இருக்கும். "இது ஆஸ்டல்ல படிக்கிற பொண்ணு, தொண்டையில கத்தும். அது சமையக்காரம்மா, வயித்துலேர்ந்து வரும்" என்று கணக்கு வைத்திருப்பார்.

இரண்டு அலறல்களுக்கு நடுவில், பூத்துக்குள் பேசும் டாக்பேக் மைக்கில் அவரிடம் கேட்டேன். "அக்கா, அந்த முகமூடிக்காரனுக்கும் கொஞ்சம் மூச்சு விட்டுக் குடுத்துடுங்களேன்."

"அவனுக்கு வாய்தான் இல்லன்னு பாத்தா மூக்கும் இல்லியா?"

டிபன் பாக்ஸ் மூடியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். முகமூடிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு உலோக அதிர்வு அதில் கிடைத்தது. ஒரே டேக். மூச்சை உள்ளே இழுத்து, நிறுத்தி, நெடுநேரம் பிடித்துவைத்து, பிறகு மெல்ல விட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் மூச்சைப் பிடித்திருந்தேன் என்பது அவர் விட்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வசனம் இல்லாதவன் எங்கள் தொழிலில் கதாபாத்திரக் கணக்கில் வரமாட்டான். ஆகவே வெல்டருக்குக் குரல் கொடுத்தவர் என்று எங்கும் ஒரு பெயர் ஏறவில்லை. அடுத்த மூன்று பாகங்களும் அதே ஓட்டையோடு வந்தன, அவற்றிலும் அப்படியே நடந்தது. அக்கா அலற வருவார், போகும்போது மூச்சும் விட்டுவிட்டுப் போவார்.

2. ஓட்டையில்லாத ட்ராக்

இப்போது முதல் பாகத்தையே புதிதாக எடுத்திருக்கிறார்கள். தமிழ் வேலையை மேற்பார்க்கப் படநிறுவனம் அனுப்பியவர் ரம்யா. கோயம்புத்தூர்க்காரர், வானகரத்திலேயே ஃபிளாட் எடுத்து இருக்கிறார். இந்த முறை எம் அண்ட் ஈ முழுசாக வந்திருந்தது. வெளிநாட்டு நடிகரின் மூச்சும் அதில் இருந்தது.

"மூச்சை நாம தொட வேண்டியதே இல்லீங்க சார்," என்றார் ரம்யா. "அவங்களே எல்லாம் குடுத்துட்டாங்க. நமக்கு வேலை மிச்சம்ங்க."

வேலை மிச்சம்தான். அலறல்களுக்கும் வேறொரு இளம்பெண்ணை முடிவு செய்திருந்தார்கள்.

கடிதம் வந்த அதே வாரம் மல்லிகாக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். கூப்பிட்டு வரவில்லை. செல்போனில் டிரெய்லரைப் போட்டு என் மேசைமேல் வைத்தார். கனமான மூச்சு, மாடு சீறுவது போல.

"இன்னா சார் இது? இவன் கொல்ல வரானா, மாடிப்படி ஏறி வரானா?"

"முழு ட்ராக் வந்திருக்குக்கா. நாம பண்ண வேண்டியது ஒண்ணுமில்ல."

"கத்தறத்துக்கு சின்னப்பொண்ணு வந்துட்சி, செரி. என் தொண்ட முன்ன மாதிரி இல்ல, அத நானே சொல்லுவேன். மூச்சுக்கு இன்னா வயசு சார்? நான் கீறேன் இல்ல?" சற்று நிறுத்தினார். "எங்க தெருவுல ஒரு பையன் வண்டியில அந்த முகமூடிய ஒட்டிகினு கீறான். தெனம் பாக்கறேன். அதுக்குள்ள கீறது நான்தான்னு எனக்கு மட்டும் தெரியும். ஒரு மனுசிக்கு அது போதும் சார். அத எடுத்துட்டா, நான் இவ்ளோ நாளு இங்க வந்து இன்னாதான் பண்ணேன்?"

பெயர் போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. படத்துக்குள் தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடிதத்தை ரம்யாவிடம் காட்டினேன். மூச்சு எம் அண்ட் ஈயோடு ஒட்டாமல், விரும்பினால் நீக்கக்கூடிய ஆப்ஷனல் ட்ராக்கில் தனியாக இருக்கிறதா என்று தலைமை அலுவலகத்தைக் கேட்கச் சொன்னேன். அவர் தயங்கினார், ஆனாலும் கேட்டார். தனியாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. ஒரு காட்சியை மட்டும் தமிழ் மூச்சோடு அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அந்த ஒரு காட்சியில்தான் எல்லாம் இருந்தது.

3. டிபன் பாக்ஸ் மூடி

பதிவன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. ரசிகர்களின் ஆள் ஒருவர் கேட்டால் நல்லது என்று ரம்யாவே சரவணனை வரச்சொல்லியிருந்தார். நனைந்த சட்டையோடு வந்து கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் மூடியோடு நிற்கும் பெண்ணைப் பார்த்தார்.

"அண்ணன் மூச்சு குடுக்க யார் சார் வராங்க?"

"அவங்கதான். நாலு பாகமும் அவங்கதான்."

சரவணன் எழுந்து கண்ணாடியை ஒட்டிப் போய் நின்று பார்த்தார். பிறகு சொன்னார், "எங்க செட்டுல ஒருத்தன் அண்ணன் மாதிரி மூச்சு வுடணும்னு ஜிம்முக்கு போறான் சார். அவன்ட்ட எப்படி சொல்றது?"

முதல் டேக் சரியில்லை. அடுத்ததும் சரியில்லை. அக்காவின் மூச்சு கெட்டுப்போகவில்லை. ஆனால் வெல்டர் எப்படி மூச்சு விடுவான் என்று இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் செய்துகாட்ட முயன்றார். தன்னையே நகல் எடுத்தார். டேக்குகள் ஏற ஏறக் மூச்சில் மிடுக்கு கூடியது, பயம் குறைந்தது. ரம்யா கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். அக்கா மூடியைக் கீழே வைத்துவிட்டார்.

"இல்ல சார். போயிட்சி. என்னிய அனுப்பிடுங்க."

சரவணன் மெல்லச் சொன்னார். "சார், அண்ணன் மூச்ச இழுத்து நிறுத்துவாரு பாருங்க, அத இவங்க இப்ப செய்யல. வெல்டிங் ஆர்க் எரியும்போது நாங்களும் அப்படிதான். பொக உள்ள போவாம பிடிச்சிக்குவோம், முகமூடிய தூக்கினப்பறம்தான் வுடுவோம். அதனாலதான் அவரு எங்க ஆளுன்னு தோணும்."

மல்லிகாக்கா வெல்டிங் பட்டறையையே பார்த்ததில்லை. அப்படியானால் அந்த நிறுத்தம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அன்று அவர் இரண்டு அலறல்களுக்கு நடுவில் இருந்தார். அலறப்போகிறவள் முதலில் மூச்சை இழுப்பாள், பிடிப்பாள். நாங்கள் பதிவு செய்தது கொலைகாரனின் மூச்சே இல்லை. சாகப்போகிற பெண் அலறுவதற்கு முன் பிடித்துவைத்த மூச்சு. அதைத்தான் முகமூடிக்குள் வைத்திருந்தோம்.

டாக்பேக்கை அழுத்தினேன். "அக்கா, வெல்டரை விடுங்க. திரையில அந்தப் பொண்ணைப் பாருங்க. நீங்க அவளுக்கு அலறப்போறீங்க. ஆனா நான் சொல்றவரைக்கும் அலற வேணாம்."

"அவளுக்குத்தான் வேற ஆள் வந்துட்டாங்களே."

"பரவால்லக்கா. தயாராகுங்க, போதும்."

விளக்கைக் குறைத்தோம். திரையில் அந்தப் பெண் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். மல்லிகாக்கா அவளையே பார்த்துக்கொண்டு மூடியை முகத்துக்கு உயர்த்தினார். மூச்சை இழுத்தார். பிடித்தார். வெளியே மழை எங்கோ வெகுதூரத்தில் பெய்வது போலிருந்தது. பூத், கண்ணாடி, திரையிலிருக்கும் பட்டறை எல்லாம் நீருக்கடியில் ஒரே அறையாகி மிதப்பது போல ஒரு மயக்கம் வந்தது. நான் சொல்லவே இல்லை. அவர் மூச்சைத் தானாக விட்டார், நூல் அறுந்து விழுவது போல அவ்வளவு மெல்ல.

ரம்யா கைபேசியைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"அவனும் பயப்படறானாங்க சார்?" என்றார்.

"எங்க அண்ணன் எப்பவும் பயந்தவருதான் மேடம்," என்றார் சரவணன். "அதான் முகமூடி."

4. காலைக் காட்சி

அந்த ஒரு காட்சியைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினோம். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, ஒரு புதன்கிழமை, முழுப்படத்துக்கும் தமிழ் மூச்சை எடுத்துக்கொள்ளலாம் என்று ரம்யாவுக்குப் பதில் வந்தது. மூன்று அமர்வுகளில் முடித்தோம். மல்லிகாக்கா ஒவ்வொரு முறையும் வேறொருத்தியின் அலறலுக்குத் தயாராகி, அலறாமல் வீட்டுக்குப் போனார்.

படம் வெளியான வெள்ளிக்கிழமை அம்பத்தூரில் முதல் காட்சி. ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டு வந்த கூட்டம். பாதிப் பேர் கையில் வேலையில் போடும் முகமூடி. வாசலில் செக்யூரிட்டி ஒருவர், "ஹெல்மெட்டெல்லாம் வெளியில வெச்சிட்டு போப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ரசிகர் வட்டத்தார் பூசணிக்காயில் குங்குமம் நிரப்பி, கற்பூரம் ஏற்றி வைத்திருந்தார்கள். சரவணன் அதைத் தூக்கி மல்லிகாக்காவின் கையில் கொடுத்தார்.

"யக்கா, சுத்திப் போட்டு ஒடைங்க."

"நான் இன்னாத்துக்குப்பா?"

"உங்களுக்குத்தான் திருஷ்டி."

அண்ணனின் மூச்சு யாருடையது என்று சரவணன் எல்லாரிடமும் சொல்லிவிட்டிருக்கிறார். கூட்டத்தில் ஒருவன், ஜிம்முக்குப் போகிறவனாகத்தான் இருக்க வேண்டும், அக்காவை ஏற இறங்கப் பார்த்தான். அவர் புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு காயை ஓங்கி உடைத்ததும் வழிவிட்டான்.

உள்ளே விசில், கூச்சல், காகித மழை. பட்டறைக் கதவு திறந்து வெல்டர் வந்து நின்றபோது எல்லாம் அடங்கியது. அவன் மூச்சை இழுத்தான். அரங்கம் முழுக்க இழுத்தது. அவன் பிடித்தான். அந்த இருட்டில் அத்தனை பேரும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரையும் கொல்லாத, எதுவுமே நடக்காத ஒரு இடைவெளி. இதற்காகத்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று எனக்குப் பட்டது. சூரன் பிழைப்பானா என்று பார்க்க அல்ல. வேல் பாய்வதற்கு முந்தைய அந்த நொடியில் ஒன்றாக இருப்பதற்கு.

அவன் மூச்சை விட்டபோது மல்லிகாக்கா என் பக்கம் சாய்ந்து சொன்னார், "நான் ஒண்டியா வுட்ட மூச்சு சார். எவ்ளோ பேரு வாங்கிகினாங்க பாருங்க."

இந்தத் தொழிலில் நான் கற்றது இது: காட்சியில் இருப்பவனுக்கு மட்டும் குரல் தேடாதீர்கள், அவன் எதிரில் நிற்பவளையும் கேளுங்கள். ஒரே கதை பலமுறை எடுக்கப்படும்போது முகம் மாறும், கை மாறும், பட்டறையும் மாறும். மக்கள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

அடுத்த பாகத்துக்கு, மூலப்படத்திலேயே எல்லா மொழிகளுக்கும் சேர்த்து, மல்லிகாக்காவின் மூச்சையே வைக்கத் தலைமை அலுவலகம் எண்ணுவதாக ரம்யா போனில் சொன்னார். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. இருமுறை கேட்டு அனுப்பினேன், பதில் இல்லை. அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தத் தகவல் இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.